ஃபோர்க் முடிவாகாமல் குழாயை அறுக்க வேண்டாம்

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: கோவையில் ஆளுக்கு அளவெடுத்து ஸ்டீல் பிரேம் கட்டித் தரும் பட்டறைக்காரர்

கேள்வி: எனக்கு வயது 44, உயரம் 178 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று வருடமாக பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறேன். 400 கி.மீ. வரை முடித்திருக்கிறேன், 600 இந்த வருடம். 2027-இல் பிரான்சில் நடக்கும் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்காகவே ஒரு ஸ்டீல் பிரேம் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் பிரேக், மட்கார்டு, டைனமோ விளக்கு, முன்னால் ஒரு பை, இவ்வளவும் வேண்டும். இடுப்பு வலி இருப்பதால் ஹேண்டில்பார் உயரமாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் ஸ்டீலா, கார்பனா என்று பிரேம்காரர் கேட்கிறார். கார்பன்தான் அதிர்வைக் குடிக்கும் என்கிறார்கள் நண்பர்கள். பிரேம் கைக்கு வந்த பிறகு, தள்ளுபடியில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாமா? சீட் போஸ்ட், ஹேண்டில்பாரையும் கார்பனில் போடலாமா?
— அரசுப் பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

சார், 'பிரேம் கைக்கு வந்த பிறகு' என்ற வரியைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு உங்களுடையதை எடுத்தேன். இன்றைக்கே உங்கள் பிரேம்காரருக்குப் போன் போட்டு, ஃபோர்க் முடிவாகிறவரை ஒரு குழாயையும் அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீலா கார்பனா என்பதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் ஃபோர்க்கின் உயரமும் வளைவும் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் பிரேமை வரைய முடியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் பட்டறைக்கு ஒருவர் வந்தார். பிரேமை வேறொருவர் நன்றாகவே கட்டிக் கொடுத்திருந்தார். ஒட்டு ஒவ்வொன்றும் சுத்தம். வண்டியோ மேட்டில் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைகிறது, உட்கார்ந்தால் பின்னால் தள்ளிப் போன மாதிரி இருக்கிறது என்றார். டேப் வைத்து அளந்தேன். அச்சிலிருந்து ஃபோர்க் தலை வரை 375 மி.மீ. என்று வைத்து வரைந்த பிரேம் அது. ஆறு மாதம் கழித்து அவர் தள்ளுபடியில் வாங்கி மாட்டிய கார்பன் ஃபோர்க் 395. இருபது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சக்கரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்போல இருக்கிற வண்டியில் முன்பக்கம் இருபது மி.மீ. தூக்கினால், ஃபோர்க் நுழைகிற ஹெட் டியூப் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். சீட்டைத் தாங்குகிற சீட் டியூபும் அதே ஒரு டிகிரி சாயும். பெடல் அச்சு எட்டு மி.மீ. மேலே போகும்.

அந்த ஒரு டிகிரி என்ன செய்கிறது என்று பாருங்கள். 32 மி.மீ. டயர் போட்ட 700 சக்கரத்தின் ஆரம் சுமார் 343 மி.மீ. ஹெட் டியூப் 72 டிகிரி, ஃபோர்க் முன்னால் வளைந்த அளவு 50 மி.மீ. என்றால், டிரெயில் 59 வரும். டிரெயில் என்பது ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். அதே ஃபோர்க் வளைவோடு 71 டிகிரிக்குச் சாய்ந்தால் டிரெயில் 65-ஐத் தொடும். முன்னால் பை இல்லாமல் சமவெளியில் வேகமாக ஓட்டுகிறவருக்கு 65 பழகிவிடும். மூன்று கிலோ பையை ஹேண்டிலில் தொங்கவிட்டு, விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், மணிக்கு எட்டு கி.மீ. வேகத்தில் மேடு ஏறுகிறவருக்கு அது தோள்வலி. அந்த வாடிக்கையாளருக்கு நான் புது ஃபோர்க் கட்டிக் கொடுத்தேன், அதே 375-க்கு. பிரேமை அறுக்காமல் தப்பித்தார். கார்பன் ஃபோர்க் அட்டைப்பெட்டிக்குள் போனது.

ஆகவே ஸ்டீலோ கார்பனோ, வாங்குகிற ஃபோர்க்கின் உயரம், வளைவு, மேல்குழாய் விட்டம் மூன்றையும் எழுதி பிரேம்காரர் கையில் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். மேல்குழாய் என்பது ஃபோர்க்கின் தலையிலிருந்து ஹெட் டியூபுக்குள் ஏறுகிற குழாய்; அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற கார்பன் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது மேலே 28.6 மி.மீ., கீழே ஒன்றரை அங்குலம் என்று அகலும். அதை ஏற்க 44 மி.மீ. உள்விட்டமுள்ள ஹெட் டியூப் வேண்டும். மெல்லிய ஸ்டீல் குழாய்களுக்கு நடுவே அது பலாக்காய் கட்டியது மாதிரி தெரியும். சிலருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது கண்ணுக்கான விஷயம், ஓட்டத்துக்கு ஒன்றும் குறையாது.

இனி பொருளுக்கு வருவோம். 'கார்பன் அதிர்வைக் குடிக்கும், ஸ்டீல் இடிக்கும்' என்று ஒரு கூட்டம். 'ஸ்டீல் பஞ்சு மாதிரி, கார்பன் கட்டை' என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் பொருளைப் பார்க்கிறார்கள், வடிவத்தைப் பார்ப்பதில்லை. விலை குறைந்த ஸ்டீலானாலும் உயர்ந்த ஸ்டீலானாலும் விறைப்புத் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான், 200 ஜிகாபாஸ்கல் பக்கம். உயர்ந்த ஸ்டீலுக்கு வலு அதிகம். அதனால் சுவரை மெல்லியதாக இழுக்கலாம்: இரண்டு முனையிலும் 0.8 மி.மீ., நடுவில் 0.5 என்று. எடை குறைவதும், அந்த ஸ்பிரிங் மாதிரியான உயிர் வருவதும் மெல்லிய சுவரால்தான். குழாயின் விட்டம் அதைவிடப் பெரிய விஷயம். ஹெட் டியூபிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்குகிற டவுன் டியூபை 28.6 மி.மீ.க்குப் பதில் அதே சுவரில் 31.8 போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். 84 கிலோ ஆளும் பையும் ஏறுகிற வண்டிக்கு நான் 31.8 போடுவேன்.

ஃபோர்க்கில் ஸ்டீல்காரர்கள் சொல்ல மறக்கிற ஒன்று உண்டு. பழைய ரிம் பிரேக் வண்டிகளில் ஃபோர்க் கால்கள் கீழே வர வர ஒல்லியாகி, நுனியில் வில் மாதிரி வளைந்திருக்கும். ரோட்டின் நடுக்கத்தை அது உண்மையாகவே வாங்கிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் போட்டால் இடது கால் நுனியில் பிரேக்கின் முழு விசையும் இறங்குகிறது. அதற்காகக் காலைத் தடிப்பாக எடுத்தே ஆக வேண்டும். தடித்த காலில் அந்த நயம் போய்விடும். நானே கட்டுகிற ஃபோர்க்கைப் பற்றித்தான் சொல்கிறேன்: டிஸ்க் பிரேக்குக்காகக் கட்டிய ஸ்டீல் ஃபோர்க், நல்ல கார்பன் ஃபோர்க்கைவிட மெத்தென்று இருக்கும் என்று யாருக்கும் வாக்கு கொடுக்க மாட்டேன். உங்களுக்கு வேண்டிய மெத்து டயரில் இருக்கிறது. 28 மி.மீ. டயரை 80 பி.எஸ்.ஐ.யில் ஓட்டிக்கொண்டு ஃபோர்க்கைக் குறை சொல்பவர்கள் பலர். 35 மி.மீ. டயருக்கும் அதன்மேல் மட்கார்டுக்கும் இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். காற்றை 50 பக்கம் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க்கை மாற்றிக் கிடைக்கிற வித்தியாசம் இதன் பக்கத்தில் வராது.

எடையில் கார்பன் ஜெயிக்கும், சந்தேகமில்லை. டிஸ்க் பிரேக்குக்கான கார்பன் ஃபோர்க் 400 முதல் 500 கிராம் வரை. ஸ்டீலில் அதே வேலைக்கு ஒரு கிலோ பக்கம் வரும். வித்தியாசம் அரைக் கிலோ, ஒரு அரை லிட்டர் தண்ணீர். நீங்கள், வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற உங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும் என்றால், நூறில் அரைக் கிலோ குறைந்ததற்கு மிச்சமாவது 45 நொடி. மேலே ஏறி டீ சொல்லி, அது கைக்கு வருவதற்குள் அந்த 45 நொடி போய்விடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் கட்டுகிற இருபத்தைந்து வயதுப் பையன் கேட்டால் என் பதில் வேறு. அவனுக்கு நானே கார்பன் ஃபோர்க்கை வைத்துத்தான் பிரேம் வரைந்து கொடுப்பேன், வரைந்தும் கொடுத்திருக்கிறேன்.

பிறகு, உடைகிற விதம். என் அப்பா முப்பத்தைந்து வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கேஸ் வெல்டிங். ஒடிந்த பிரேம்களைப் பித்தளை ஊற்றி ஒட்டுவார். நான் பிரேசிங் கற்றதும் அங்கேதான், அவர் கையைப் பார்த்து. பின்சக்கரத்தைப் பிடிக்கும் செயின் ஸ்டே, சீட் ஸ்டே, குழாய்கள் சேருமிடத்து உறையான லக், எது விட்டிருந்தாலும் ஒட்டுவார். ஃபோர்க் ஒடிந்து வந்தால் மட்டும் தொட மாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. "பின்னால ஒடிஞ்சா நடந்து வருவான். முன்னால ஒடிஞ்சா பல்லு போகும், சில நேரம் ஆளே போயிடுவான்" என்பார். ஃபோர்க் விஷயத்தில் எதை முடிவு செய்வதானாலும் அந்தக் குரல் எனக்குக் கேட்கும்.

ஸ்டீல் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். அடி பட்டால் வளையும், பெயின்ட் சுருங்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசலில் துருக் கோடு தெரியும். வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைக்கிறவர் கண்ணில் அது படும். கார்பன் தன் நார் ஓடுகிற திசையில் ஸ்டீலைவிட வலுவானது. நன்றாகச் செய்த கார்பன் ஃபோர்க்கை நம்பி உலகமே ஓட்டுகிறது, நானும் ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பிடிக்காதது பக்கவாட்டு அடி, நசுக்கு, கூர்மையான முனை. அந்த மாதிரி அடி பட்டால் வெளியே கீறலாகவும் உள்ளே வேறாகவும் இருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர், ரயில் பார்சல் பெட்டியில் வந்த வண்டியைக் கொண்டுவந்தார். வலது ஃபோர்க் காலின் உள்பக்கத்தில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு தேய்மானம், அவ்வளவே. ஒரு ரூபாய் நாணயத்தால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். டிக், டிக் என்று வந்த சத்தம் அந்த இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் டப் என்று அமுங்கியது. மாற்றிவிடுங்கள் என்றேன். அவருக்கு மனசே இல்லை, பெயின்ட்கூடப் போகவில்லையே என்றார். புது ஃபோர்க் மாட்டிய பிறகு, அவர் எதிரிலேயே பழையதை மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே அடுக்குகள் பிய்த்த பரோட்டா மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருந்தன. அவர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நீங்கள் வண்டியை ரயிலில் ஏற்றுவீர்கள், பஸ் மேலே கட்டுவீர்கள், 2027-இல் விமானத்தில் பெட்டிக்குள் அனுப்புவீர்கள். முன்னால் பை, டைனமோ வயர், மட்கார்டு கம்பி எல்லாம் வேண்டும். இவ்வளவையும் தாங்க ஓட்டைகளோடு வரும் கார்பன் ஃபோர்க்குகள் இப்போது இருக்கின்றன; டைனமோ வயரை உள்ளே விட வழி வைத்தவையும் உண்டு. இல்லாத ஃபோர்க்கில் நாமே துளை போடக் கூடாது, ஒரு துளைகூட. ஸ்டீலில் உங்களுக்கு எங்கே என்ன வேண்டுமோ அங்கே வெள்ளிப் பற்றால் ஒட்டித் தருவார்கள்.

இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஹேண்டில்பாரை உயர்த்த, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்குக் கீழே கார்பன் மேல்குழாயில் வளையங்களை இஷ்டத்துக்கு அடுக்கக் கூடாது. 30 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் ஸ்டீலுக்கு அடிக்கிற நட்சத்திர நட்டை அடித்தால் உள்சுவர் கிழியும். விரிந்து பிடிக்கிற பிளக்தான் போட வேண்டும். ஆனால் உங்களுக்கு அளவெடுத்துக் கட்டுகிற வண்டி இது. ஹெட் டியூபையே 30, 40 மி.மீ. நீளமாக எடுக்கச் சொன்னால் வளையமே வேண்டாம், எந்த ஃபோர்க் போட்டாலும். ஆளுக்கென்று கட்டுகிற பிரேமில் வளையங்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தால், அளவெடுக்கும்போதே எதையோ விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

என் முடிவு: உங்களுக்கு ஸ்டீல் ஃபோர்க். உயரம் 395, வளைவு 50, ஹெட் டியூப் 72 என்று தொடங்கி உங்கள் பிரேம்காரரோடு பேசுங்கள். பிரேமோடு சேர்த்து ஒரே கையால், ஒரே நாளில் பெயின்ட் அடித்து வாங்குங்கள்.

கார்பனை ஆசைக்கு ஓர் இடத்தில் போட வேண்டுமென்றால் சீட் போஸ்ட். 27.2 மி.மீ. விட்டத்தில், வெளியே நீளமாக நிற்கிற கார்பன் போஸ்ட் கொஞ்சம் பின்னால் வளைந்து கொடுக்கும். பத்து மணி நேரம் உட்கார்ந்த பிறகு அது தெரியும். 28.6 சீட் டியூபில் 27.2 இயல்பாகவே பொருந்தும். இரண்டே நிபந்தனை. பிரேசிங் சூட்டில் சீட் டியூபின் வாய் சற்றுக் கோணும். உள்ளே ரீமர் விட்டு, பிசிறு இல்லாமல் விரலால் தடவிப் பார்த்த பிறகே போஸ்டை இறக்க வேண்டும். அடுத்தது, கிரீஸ் கூடாது. கார்பனுக்கென்று மணல் மாதிரி நெருநெருவென்று ஒரு பேஸ்ட் வருகிறது, அதைத் தடவி டார்க் ரெஞ்சால் போஸ்டில் அச்சிட்ட அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கும். கை அளவை நம்ப வேண்டாம். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கையும் கார்பனில் ஏமாறும்.

ஹேண்டில்பார் அலுமினியமே இருக்கட்டும். விளக்கு, மணி, பைக் கொக்கி என்று அதில் பத்து கிளாம்பு மாட்டப்போகிறீர்கள். வண்டி சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவதும் அதுதான்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். 2000-க்குப் பக்கத்தில் செய்த இத்தாலிய ஸ்டீல் பிரேம் ஒன்று பழைய விலைக்கு வருகிறது. முன்பக்கம் முழுக்க ஸ்டீல், சீட் ஸ்டே மட்டும் கார்பன். பெயின்ட் உரிந்திருக்கிறது. வாங்கி, பவுடர் கோட்டிங் அடித்து ஓட்டலாமா? அந்த மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டித் தருவீர்களா?
— கப்பல் தளப் பொறியாளர், சிங்கப்பூர்

பவுடர் கோட்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பொடி உருகிப் பிடிக்க 180, 200 டிகிரி அடுப்பில் வைப்பார்கள். உங்கள் சீட் ஸ்டே ஸ்டீலோடு எபாக்ஸி பசையால் ஒட்டியது, கார்பன் நாரைப் பிடித்து வைத்திருப்பதும் எபாக்ஸிதான். அந்தச் சூட்டில் ஒட்டும் போகும், ஸ்டேயும் போகும். வெளியே வரும்போது பளபளவென்று இருப்பதால் யாருக்கும் தெரியாது. காற்றில் உலர்கிற பெயின்ட் அடியுங்கள். பழைய பெயின்டை எடுக்க ரசாயன ஸ்டிரிப்பரும் கூடாது, உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள்.

வாங்குவதற்கு முன் ஸ்டீலும் கார்பனும் சேரும் மூன்று இடத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் மோதிரம் போட்டது மாதிரி பெயின்டில் கோடு விழுந்திருந்தால் உள்ளே பசை அசைகிறது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தும்போது கிரீச் என்றாலும் அப்படித்தான். சேருமிடத்தில் அலுமினியத் துண்டு வைத்திருந்தால், வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்று தேடுங்கள். கார்பனும் அலுமினியமும் வியர்வை உப்பில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும். உங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். கோடு இல்லை, சத்தம் இல்லை, பொடி இல்லை, விலையும் சரி என்றால் வாங்குங்கள். ஓட்ட அழகான வண்டிகள் அவை.

புதிதாகக் கட்டித் தர மாட்டேன். சீட் ஸ்டேயைக் கார்பனாக்கினால் குறைவது நூறு, இருநூறு கிராம். அதற்காக வண்டியின் ஆயுளைப் பசையின் ஆயுளோடு கட்டிப்போட என் மனம் ஒப்பவில்லை. கார்பனை நான் வேண்டாம் என்று சொல்பவள் இல்லை. போல்ட்டைக் கழற்றி, கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, வேண்டாமென்றால் மாற்றக்கூடிய இடத்தில் அது இருக்கட்டும் என்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சைக்கிள் போட்டிகளுக்குப் போகிறான். அவன் அளவுக்கு ஒரு பிரேம் செய்து கொடுக்க வேண்டும் என்று அவன் அப்பா சொல்கிறார். இவன் கார்பன்தான் வேண்டும் என்கிறான். வீட்டில் தினமும் இதே பேச்சு. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.
— இல்லத்தரசி, திருப்பூர்

அக்கா, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுக்கட்டும். போன வருடம் எடுத்த பேன்ட் இந்த வருடம் அவனுக்கு எட்டுகிறதா? வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்து பிரேம் கட்டினால் ஒன்றரை வருடத்தில் அது வேறொருவர் அளவாகிவிடும். கடையில் கிடைக்கிற அலுமினிய வண்டி, அவன் உயரத்துக்குச் சரியானது, யாராவது ஓட்டி விற்பதாக இருந்தாலும் சரி, அது போதும். மிச்சப் பணத்தை நல்ல டயருக்கும், ஹெல்மெட்டுக்கும், போட்டிக்குப் போய்வரும் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் நின்று ஒரு வருடம் ஆன பிறகு அவனையே என்னிடம் அனுப்புங்கள், அளவெடுக்கிறேன். அப்போதும் கார்பன்தான் வேண்டும் என்றால் எங்கே வாங்கலாம் என்று நானே சொல்கிறேன்.

பழைய கார்பன் வண்டி வாங்குவதாக இருந்தால், விழுந்த வண்டியா என்று தெரியாமல் வாங்காதீர்கள். கார்பன் ரிம்மோடு ரிம் பிரேக் உள்ள வண்டியை மலையில் ஓட்டவும் விடாதீர்கள். கல்ஹட்டி மாதிரி செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம்மின் ஓரம் சூடேறி இளகி, டயர் வாய் விரிந்துவிடும்.

கேள்வி: தாத்தாவின் பழைய இங்கிலாந்து வண்டியில் '531' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அது என்ன? இந்தக் காலத்து குழாயோடு ஒப்பிட்டால் மட்டமா?
— பாலிடெக்னிக் மாணவர், தஞ்சாவூர்

தம்பி, அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிடாதே. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீஸ் – மாலிப்டினம் ஸ்டீல் அது. முனையில் தடிப்பு, நடுவில் மெலிவு என்று குழாய் இழுக்கிற முறைக்கு அந்தக் குடும்பம் 1890-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தது. பல தலைமுறைப் பந்தயக்காரர்கள் அதில்தான் ஓட்டினார்கள். ரெனால்ட்ஸ் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்துக்குள் போனது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையில் செய்த ஹெர்குலிஸ் உங்கள் தெருவிலும் இரண்டு நிற்கும். அந்த 'டி.ஐ.'யும் உன் தாத்தா வண்டியின் குழாயும் ஒரே வீட்டுப் பெயர்.

மட்டமா என்றால், இல்லை. 1995-இல் வந்த 853 போன்றவை இன்னும் வலுவானவை. வெல்டிங் செய்து காற்றில் ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் அவை பலவீனமாவதில்லை, கெட்டிப்படும். 531-க்கு அந்தக் குணம் கிடையாது. அதை லக் வைத்து, பித்தளையோ வெள்ளியோ ஊற்றி ஒட்டத்தான் செய்தார்கள். உன் வண்டியில் எங்காவது விட்டிருந்தால் ஆர்க் வெல்டிங் கடைக்குக் கொண்டு போகாதே. பிரேசிங் தெரிந்தவரைத் தேடு. கிடைக்காவிட்டால் எனக்கு எழுது.

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட வீடு. இரும்புச் சைக்கிள் என்றால் கறள் பிடிக்கும் எண்டு பயமாக் கிடக்கு. கார்பன் எண்டால் அந்தக் கவலை இல்லைத்தானே?
— தபால் ஊழியர், பருத்தித்துறை

கார்பனுக்குக் கறள் இல்லை. ஆனால் அந்த வண்டியில் உள்ள போல்ட், செயின், பால்ஸ், கேபிள் எல்லாவற்றுக்கும் உண்டு. உப்புக் காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும். கார்பன் பிரேமுக்குள் ஒட்டியிருக்கிற அலுமினிய வளையங்களையும் விடாது.

ஸ்டீல் பிரேம் வெளியிலிருந்து அரிப்பது அபூர்வம், பெயின்ட் காக்கும். உள்ளிருந்துதான் போகும். சீட் போஸ்ட் வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர், பெடல் அச்சு இருக்கிற பாட்டம் பிராக்கெட்டில் போய்த் தேங்கும். அங்கே அடியில் வடிகால் துளை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வருடம் ஒருமுறை ஓவராயில் பண்ணும்போது, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மீதியை வடியவிட்டு இரண்டு நாள் காய விடுங்கள். உள்ளே மெல்லிய தோல் மாதிரி படியும். அப்பா இதைத்தான் செய்வார், நானும் ஒவ்வொரு பிரேமையும் இப்படித்தான் அனுப்புகிறேன். அலுமினிய சீட் போஸ்ட் போட்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவி இறக்குங்கள். ஒரு வருடம் தொடாமல் விட்ட போஸ்ட் ஒன்றை எடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்கப் போயிருக்கிறது. கடைசியில் உள்ளேயே அறுத்துத்தான் எடுத்தேன்.